மிஷாரியின் ஜெட் விழுந்த விதம்

என் பெயர் ஃபலாஹ். தகப்பனார் பெயர் தஹாம். வயது நாற்பத்து மூன்று. குவைத், ஜஹ்ராவில் என் அண்ணன் ஃபைஹானின் வீட்டை ஒட்டிய வீட்டில் குடியிருந்து வருகிறேன். வல்லூறுகளை வேட்டைக்குப் பழக்கிக் கொடுப்பது என் தொழில். ரேடியோவில் இயங்கும் சிறு விமானத்தின் பின்னால் இறகுக் கட்டு ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டு, அதைத் துரத்திப் பிடிக்கப் பழக்குவோம். ஆகையால் மாதிரி விமானம் ஓட்டுவது எனக்குப் பல வருடப் பழக்கம்.

ஷீஹானா என் சொந்தப் பெண் வல்லூறு. என் கையைத் தவிர வேறு யார் கையிலும் இறங்கமாட்டாள். குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு காலை, ஊருக்கு வெளியே பாலைவெளியில் அவளைப் பறக்கவிட்டிருந்தபோது, முன்பே முகம் தெரிந்த மிஷாரி என்பவர் நண்பர்களுடன் வந்து, டர்பைன் பொருத்திய தன் ஜெட் மாதிரியைக் கிளப்பினார். நான் கையசைத்து நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தாமல், "யாரு வேகம்னு பாத்துரலாம்டா" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே ஜெட்டை அவள் பக்கம் திருப்பினார். அதன் இறக்கை ஷீஹானாவை அடித்தது. அவள் மணலில் விழுந்து, ஒரு சிறகை இழுத்துக்கொண்டு என் கையுறையை நோக்கி நடந்து வந்தாள். அன்றே இறந்துவிட்டாள். மறுநாள் மிஷாரியின் டிரைவர் என் வீட்டு வாசலில் ஒரு கூண்டை இறக்கிவைத்தார். உள்ளே ஒரு கோழி இருந்தது. "குடுக்கச் சொன்னாருங்க. இதுவும் பறக்குமாம்" என்று தலையைக் குனிந்தபடியே சொன்னார்.

அதன் பிறகு நான், மாதிரி விமானக் கடை வைத்திருக்கும் கெய்ரோக்காரர் ரஃப்அத்திடம் சென்று, மிக வேகமான விமானம் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். அவர் முதலில் டர்பைனைக் காட்டினார். நேராகப் போகையில் அதை எதுவும் மிஞ்சாது என்றும், ஆனால் வளைவில் வேகம் குறைந்துவிட்டால் மறுபடி வேகமெடுக்கச் சற்றுத் தாமதிக்கும் என்றும் அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டேன். நைட்ரோ எஞ்சின் வேண்டாம் என்றேன், அதன் இரைச்சல் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். பேட்டரி மோட்டாரைத் தேர்ந்தெடுத்தேன்.

"முழு விசையில ஓட்டுனா பேட்டரி சீக்கிரம் தீந்துரும் தம்பி" என்றார்.

"ஒரு தடவை போதும்" என்றேன்.

அதன் பிறகு விமானத்தின் உடலைப் பார்த்தோம். முக்கோண இறக்கை உள்ளதை ஒதுக்கிவிட்டேன், அது திருப்பத்தில் வேகத்தை இழக்கும். கம்பங்களைச் சுற்றிப் பறக்கும் பந்தயத்துக்கென்று கார்பன் இழையில் வார்த்த, ஒல்லியான உடல் ஒன்று இருந்தது.

"மேலேர்ந்து குத்தா எறக்குனா மத்ததுக்கெல்லாம் வாலு படபடன்னு அடிச்சுப் பிஞ்சுரும். இது தாங்கும். ஆனா பந்தயத்துல யாரு தம்பி அப்படி எறக்குறா?"

அதையே எடுத்துக்கொண்டேன். இறக்கையின் முன்விளிம்பில் கூடுதலாக ஒரு கார்பன் பட்டை ஒட்டச் சொன்னேன். "யாரை முட்டப் போறே, ஒட்டகத்தையா?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு அவரும் நிறுத்திக்கொண்டார். என் நோக்கத்தை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு இதில் பங்கில்லை.

குளிர்காலம் முழுவதும் தனியாகப் பழகினேன். ஷீஹானா இரை மேல் பாய எந்த உயரத்தில் சிறகை மடக்குவாள் என்பது எனக்குத் தெரியும். அங்கிருந்தே விமானத்தைக் கவிழ்த்துப் பழகினேன்.

அதன் பிறகு, சென்ற வெள்ளிக்கிழமை மாதிரி விமானத் திடலில் நடந்த கூடுகைக்குச் சென்றேன். மிஷாரி என்னைக் கண்டதும், "என்னண்ணே, கோழி முட்டை போடுதா?" என்றார்.

"போடுது. வா, ரெண்டு பேரும் சேந்து பறக்கலாம்."

"இந்தப் பொம்மையோடயா? டேய், அண்ணன் பேட்டரி போட்டு ஓட்டுறாருடா!"

இரண்டு விமானங்களும் ஏறின. அவருடைய ஜெட் தாழ்வாக ஓடுபாதையை அறுத்துக்கொண்டு போயிற்று, எல்லோரும் கைதட்டினார்கள். நான் உயரத்தில் காத்திருந்தேன். ஆட்கள் இருக்கும் பக்கம் அது வந்தபோதெல்லாம் விட்டுவிட்டேன். கடைசியில் ஆளில்லாத உப்புத் தரைக்கு மேல் அது திரும்பி வேகம் குறைந்தபோது, என் விமானத்தைக் கவிழ்த்து, முழு விசை கொடுத்து அதன் வாலில் மோதினேன். வால் துண்டாகி, ஜெட் சுழன்று விழுந்து எரிந்தது. என்னுடையதும் நொறுங்கியது. மிஷாரி புகையைப் பார்த்தபடி கட்டுப்பாட்டுக் கருவியின் குச்சியை இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நானே செதுக்கிக் கட்டுனது, அண்ணே" என்று மணலில் உட்கார்ந்துவிட்டார். "பாத்தாச்சா, யாரு வேகம்னு?" என்று கேட்டேன். அவருடைய நண்பர்கள் என் சட்டையைக் கிழித்தார்கள். நான் யார் மீதும் கை வைக்கவில்லை.

காவலில் என்னைப் பார்க்க வந்த அண்ணன், "கண்ணுல வெயிலடிச்சுது, தெரியலன்னு சொல்லுடா, விட்டுருவாங்க" என்றார். வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நின்ற இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

இந்த வாக்குமூலத்தில் இதுவரை எழுதியதைக் காவல் அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். 'விமானம் மோதிவிட்டது' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அதை அடித்து, 'மோதினேன்' என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது.

(ஒப்பம்)
ஃபலாஹ் தஹாம்