மேல் வராந்தாவில் மின்னல்

— வராந்தா ஜன்னலச் சாத்தாதீக, மலையாண்டி சார். இன்னைக்கு ஒரு நாளாச்சும் ஆசை தீரப் பாத்துக்கிறேன்.

— சாரல் அடிக்குது, அனிதா டீச்சர். கல்யாணத்துக்கு வேலைய விட்டுட்டுப் போறீகன்னு பிள்ளைக போட்ட மாலை, நனைஞ்சிரும்ல.

— நனையட்டும். கோயம்புத்தூருல வீட்டச் சுத்தி வீடாம். அங்க இம்புட்டு வானத்துக்கு எங்க போவேன்? யப்பா! பாத்தீகளா?

— பாத்தேன். கண்ணாத்தா கோயில் பக்கமா இறங்குச்சு.

— இறங்குறதாவது! வானத்துக்குள்ளயே வேர் விட்டுல்ல ஓடுச்சு. தெப்பக்குளம் பூரா பால் கொட்டுன மாதிரி ஆயிருச்சு. செட்டியார் வீட்டு ஓட்ட ஒவ்வொண்ணா எண்ணிரலாம் போல.

— இருங்க, சத்தம் வரும்...

— மாதாவே! பெஞ்செல்லாம் அதிருது.

— பயந்துட்டீகளா?

— பயந்தான். ஆனா அடுத்தது எங்குட்டு வெட்டும்னு கண்ணு தேடுதே. நீங்க பழக்குனதுதான். தொண்ணூத்தி மூணுல வேலைக்கு வந்தப்ப, இடி இடிச்சா ஸ்டாப் ரூமுல காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். “வெளிச்சம் முன்னால ஓடியாந்திரும் டீச்சர், சத்தந்தான் நொண்டிக்கிட்டுப் பின்னால வரும்”னு கூட்டியாந்து இங்கன நிறுத்துனீக.

— சயின்ஸ் வாத்தியாரு. வேற என்ன பேசத் தெரியும்?

— அதான் வருத்தம்.

— என்னது?

— ஒண்ணுமில்ல. விடுங்க.

— மாப்பிள்ளைக்கு மழை பிடிக்குமா?

— மேகம் கறுத்தாலே டிவி ஒயரப் புடுங்கிட்டு, கதவெல்லாம் சாத்திக்கிட்டு, செபமாலை சொல்ல உக்காந்திருவாராம். அவுக அம்மாதான் சொன்னாக.

— நல்ல மனுசன்தான்.

— நல்லவருதான். நான் இல்லேன்னு சொன்னேனா?

— டீச்சர்... இனிமே சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல. தப்பா நினைக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— போன ஐப்பசியில, காளையார்கோயில் ரோட்டுல புளியமரம் விழுந்து பஸ் நின்னு போச்சுன்னு, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் இங்கனயே நின்னு பாத்தோமே. மின்னல் வெட்டுறப்பல்லாம் உங்க மொகம் தெரியும், மறையும். அன்னைக்கு ஒரு வார்த்தை கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

— ஏன் கேக்கல?

— வீட்டுக்குப் போக வழியில்லாம மாட்டிக்கிட்டு நிக்கிற பொண்ணுகிட்ட, அந்த நேரம் பாத்துக் கேக்குறது ஒரு மனுசன் செய்யிற காரியமா? இன்னொரு நாள், நீங்க நினைச்சா எந்திரிச்சுப் போற மாதிரி இருக்கையில கேப்போம்னு விட்டுட்டேன். அதுக்குள்ள உங்க வீட்டுல பேசி முடிச்சுட்டாக.

— சார்...

— கீழ ஆரன் அடிக்குது. உங்க அண்ணன் கார் வந்திருச்சு. இந்தாங்க, குடையப் பிடிங்க. படி வழுக்கும், பாத்து.

— சார், அன்னைக்கு மரமும் விழுகல, ஒண்ணும் விழுகல. பஸ்ஸு பாட்டுக்கு வந்து வந்து போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. மரம் விழுந்துருச்சுன்னு உங்ககிட்ட வந்து சொன்னது நான்தானே?