உப்புப் போடாத படி

பனிக்காலத்தில் வெளிப்படியில் ஐஸ் பிடிக்காமல் உப்புப் போடுவதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை. மொன்ட்ரியால்-நோரில் பழைய வீடுகளுக்குப் படி வெளியேதான். இரும்புப் படி, வளைந்து ஏறும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சற்று நேரத்தில் கண்ணாடியாக இறுகிவிடும். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள், அதனால் இதை முதலில் எழுதுகிறேன். ஜெராட் கால் தவறி விழுந்தான் என்று நீங்கள் கதையை முடித்துவிடக்கூடாது.

ஜெராட் எங்கள் மாதா கோயில்காரன், மன்னார்ப் பெடியன். கல்யாணம், முதல்நன்மை, சாமத்திய வீடு, எதுவென்றாலும் வீடியோ அவன்தான். வாய்நிறைய அக்கா என்பான். என் மகள் சர்மிளா பெரியபிள்ளையானபோது மண்டபம் எடுத்து ஊரைக் கூட்டிச் சாமத்திய வீடு செய்தோம். பல்லக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அவள் வேண்டாம் என்று அழுதாள்தான். பிள்ளைகள் எதைத்தான் வேண்டும் என்கிறார்கள்?

அந்த வீடியோவை ஜெராட் விளம்பரத்துக்காகத் தன் பேஸ்புக் பக்கத்தில் போட்டான். வகுப்புப் பிள்ளைகளின் கண்ணில் அது பட்டுவிட்டது. இந்தக் கொண்டாட்டம் எதற்காக என்று பிரெஞ்சில் எழுதி, பாட்டும் சேர்த்து, பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றவிட்டார்கள். போகிற இடமெல்லாம் சிரிப்பு. இனிப் போகமாட்டேன் என்றாள் சர்மிளா. அதட்டி அனுப்பினேன். ஒருநாள் குளியலறைக் கதவு திறக்கவில்லை. தீயணைப்புக்காரர் வந்து உடைத்தார்கள். உயிர் தப்பிவிட்டாள். இப்போது அஹுன்ட்சிக்கில் என் தங்கை வீட்டில் இருக்கிறாள். என்னோடு கதைப்பதில்லை. எனக்குப் பெற்ற வயிறு எரிந்தது. யாராவது அதற்குப் பதில் சொல்லத்தானே வேண்டும்.

கோயிலில் இணையத்தில் பிள்ளைகளைக் காப்பது பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். முன்வரிசையில் போய் இருந்தேன். பிள்ளையைக் கேட்காமல் பிள்ளையின் படத்தைப் போடாதீர்கள் என்றார் வந்தவர். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெராட்டும் ஆட்டினான், தோளில் கமராவோடு. எனக்குக் கொதி ஏறியது. முடிந்ததும் வாசலில் மறித்தேன்.

“ஜெராட், பிள்ளையின்ர வீடியோவை உன்ர பக்கத்தில இருந்து எடு.”

“அது எப்பவோ எடுத்திட்டன் அக்கா. சர்மிளா வந்து கேட்டவ. எனக்கு வெக்கமாப் போச்சு.”

அதற்குமேலும் ஏதோ சொன்னான். முக்கியமில்லை. அந்த நிமிடம்தான் முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை அவனுக்கு ஒரு கல்யாண வீடியோ வேலை இருந்தது. கமராப் பெட்டிகளோடு இறங்குவான் என்று தெரியும். அவன் வீட்டுப் படியில் மனைவி போட்டிருந்த உப்பைக் கூட்டித் தள்ளிவிட்டு, மேற்படிகளில் தண்ணீர் ஊற்றினேன். அந்தக் குளிரில் வாளியோடு படியில் நிற்கிற பொம்பிளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு எதிரே பஸ் தரிப்பில் நின்றேன். அவனுக்கு இரண்டு கையிலும் பெட்டி. பிடிக்கக் கையில்லை. வழுக்கி உருண்டு கீழே வந்துதான் நின்றான்.

கிட்டப் போனேன். அவன் கண் மட்டும் என்னைப் பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன். தரிப்பில் நின்ற இரண்டு பெடியன்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் ஆம்புலன்ஸை அழைத்தான். நான் அழைக்கவில்லை. மற்றவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். அவனை மட்டும் விடவில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஏசி, என் கண்முன்னே அழிக்கச் செய்தேன். ஜெராட்டுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். தகப்பன் இப்படிக் கிடப்பதை அவள் நாளைக்கு இணையத்தில் பார்க்கக்கூடாது. பிள்ளைகள் விஷயத்தில் நான் அவ்வளவு கவனம். ஆம்புலன்ஸ் வரும்போது அவன் முடிந்துவிட்டான்.

அன்று வாசலில் அவன் சொன்னது என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எழுதிவிடுகிறேன்.

“அக்கா, பள்ளிக்கூடப் பெடியள் அதை உங்கட பேஸ்புக் பக்கத்தில இருந்துதான் எடுத்தவங்கள். இப்பவும் அங்க கிடக்கு. நீங்களும் எடுங்கோ.”

எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டான். சர்மிளாவும் இதையேதான் கேட்டாள். ஊரில் உள்ள சொந்தமெல்லாம் பார்க்கட்டும் என்றுதான் என் பக்கத்தை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறேன். பெற்ற தாய் போடுவதும் கண்டவன் போடுவதும் ஒன்றா? என் போன் இப்போது உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அந்த வீடியோவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பல்லக்கில் என் பிள்ளை அவ்வளவு வடிவு.