புள்ளைக்கு வெச்ச மாத்திரை

— கத்தாதே சொக்கம்மா. குழந்தை மூச்சு விடுது. இப்போதைக்கு அதுவே போதும்.

— ரெண்டு மாசம் முந்தியே பொறந்துட்சே ஆலிசு நர்சம்மா! எலிக்குஞ்சு கணக்கா கீதே! என் பேத்தி பொழைக்குமா? ஒரு வார்த்தை சொல்லேன்!

— பஞ்சுல சுத்தி உன் மார்மேல வெச்சுக்கோ. சூடு போகக் கூடாது. உன் பொண்ணு எப்படி விழுந்தா?

— நேத்து பொழுது சாயறப்போ, மணல்ல கெடந்த கட்டுமரம் தடுக்கி வுழுந்தா. எனக்கு மரம் நல்லாத் தெரியுது, அவ கண்ணுக்குத் தான் தெரியல.

— யம்மா, புள்ள எங்கே? ஒரே இருட்டா கீது. வெளக்கு ஏத்தேன்.

— உன் தலமாட்டுல தான் எரியுது மங்கே. கண்ண மூடிப் படு, கண்ணு.

— கர்த்தரே! எத்தனை நாளா இப்படி?

— மாசமானதுலேருந்து மாலைக்கண்ணு. வயித்துல இருக்கறப்போ அப்பிடித்தான், பெத்தா சரியாப் பூடும். எனக்கும் தான் வந்துச்சி.

— அது வரக் கூடாதுன்னு தானே, அவ பெரியவளானதுலேருந்து மாசா மாசம் மீனெண்ணெ மாத்திரை தூக்கிட்டு இந்தக் காத்திவாக்கத்து மணல்ல நடக்கிறேன்! கடல்ல வீசிட்டாளா? நாத்தம்னு துப்பிட்டாளா?

— இன்னா பேச்சு பேசறே? சுறா ஈரல் நாத்தம் எங்களுக்கு இன்னா புதுசா? எங்க ஆளு புடிக்கிற ஈரலைத்தான் எண்ணெ காய்ச்சறவன் வந்து அள்ளிகினு போறான். ஆத்தா மேல ஆணை, ஒரு மாத்திரை வீணாப் போவல!

— பொய் சொல்லாதே. ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது. எங்கே போச்சு அத்தனையும்?

— எங்கியும் போவல. தோ, பரண்ல கைய வுட்டுப் பாரு. பிஸ்கோத்து டப்பாவுல, எறும்பு ஏறாம துணி சுத்தி வெச்சுகீறேன். நீ குடுத்தது குடுத்தாப்பல கீது.

— ஏன்? ஏம்மா இப்படிப் பண்ணே?

— ஏன்னு என்னைக் கேக்கறியா? குப்பத்துப் பொம்பளைங்கள குந்த வெச்சு நீதானே சொன்னே? "இது உங்க பொண்ணுக்குன்னு நெனைக்காதீங்க, நாளைக்கு அவ பெக்கப் போற புள்ளைக்கு"ன்னு. புள்ளைக்கு வெச்சத அவளுக்கு எடுத்துக் குடுப்பனா? மசக்கையில ஒண்ணு குடும்மான்னு கேட்டா. கைய தட்டி வுட்டேன்.

— ஐயோ...

— இன்னா, மூஞ்சி இப்பிடிப் போவுது? அதான் புள்ள வந்துட்சே. ஒண்ணு ஒடைச்சி நாக்குல தடவு. அதோடது தானே எல்லாம்.

— இதுக்குத் தொண்டையில பால் எறங்கவே தெம்பு இல்ல, சொக்கம்மா. மங்கை சாப்பிட்டு, அவ ஒடம்பு வழியா இதுக்குப் போய்ச் சேரணும். அதைத்தான் புள்ளைக்குன்னு சொன்னேன். போற எடமெல்லாம் அதே தான் சொல்றேன். நீ ஒருத்தி தான் இப்படித் தப்பா...

— நானு ஒருத்தியா? நல்லா சொன்னே போ! பொண்ணு கீற வூட்டுக்கெல்லாம் போய்ப் பாரு, பரணுக்கு ஒரு டப்பா கீது. உன் பேச்ச இந்தக் குப்பத்துல எவ தட்டுவா, நர்சம்மா?