அருங்காட்சியகத்தில் நான் அடித்த அபாயமணி

என் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் குறிக்கப்பட்டுள்ளன. வயது அறுபத்து மூன்று. பள்ளிப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி தையல் வேலை செய்தவள். இப்போது அவளுக்கு ஞாபகமறதி நோய். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அவளை அடிக்கடி அழைத்துப்போவேன். அனுமதி இலவசம், உட்காரப் பெஞ்சு உண்டு, சத்தம் கிடையாது. சத்தம் கேட்டால் அவள் அரண்டுபோவாள். கீழ்த்தளத்தில் தலையில்லாத ஒரு கற்சிலை இருக்கிறது. வீட்டில் என்னிடம் எரிந்து விழுகிறவள், அதன் உடை மடிப்புகளைப் பார்த்தபடி பெட்டிப்பாம்பாக அடங்கியிருப்பாள்.

இன்று மதியம் அவளை அங்கே உட்காரவைத்து, கழிப்பறைக்குப் போய்வருகிறேன், நகராதே என்றேன். "நான் எங்க போறேன்? இவருக்குத் தலை வர்ற வரைக்கும் இங்கதான்" என்று சிரித்தாள். திரும்பி வந்தபோது பெஞ்சுக்கடியில் அவள் செருப்பு மட்டும் இருந்தது. அதன் பிறகு ஓவியக் கூடம், நாணயக் கூடம், மாடி என்று ஓடிப் பார்த்துவிட்டு, வாசலில் இருந்த காவலாளியம்மாவிடம் கதவைச் சாத்தச் சொன்னேன்.

"பொது எடம் சார், சாத்த முடியாது. டிக்கெட்டும் கிடையாது. யாரு வந்தா, யாரு போனான்னு எங்களுக்கே தெரியாது" என்றார். நல்ல மனுஷி. உடனே ஒலிபெருக்கியில் மனைவியின் பெயரைச் சொல்லி அழைத்தார். தன் பெயரே அவளுக்கு மறந்து மாதக்கணக்காகிறது.

அதன் பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேருந்தில் ஒரு பிள்ளை குறைந்தால் எல்லோரையும் கீழே இறக்கி, வாசலில் நிறுத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். அந்தப் புத்திதான் வேலை செய்தது. படிக்கட்டருகே இருந்த தீ அபாயமணியின் கண்ணாடியை முழங்கையால் உடைத்து அழுத்தினேன். தீ இல்லை என்று தெரிந்தேதான் அழுத்தினேன். முதலிலேயே ஏன் காவல்துறையை அழைக்கவில்லை என்று இதை எழுதிக்கொள்ளும் அதிகாரி கேட்கிறார். இதோ கிடைத்துவிடுவாள், இதோ கிடைத்துவிடுவாள் என்றே இருந்துவிட்டேன்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். முன்வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் வரவில்லை. அதன் பிறகுதான், மணி அடித்தால் பூட்டியிருக்கும் பின்கதவும் தானாகத் திறந்துகொள்ளும் என்று காவலாளியம்மா சொன்னார். பின்பக்கம் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரர், மணி அடித்ததும் ஒரு அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வெறுங்காலோடு சாலையைக் கடந்து ஓடியதாகச் சொன்னார். அதுவரை அவள் உள்ளேதான் இருந்திருக்கிறாள். பத்திரமாக உள்ளே இருந்தவளை நானே விரட்டிவிட்டேன்.

என் மேல் எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். வெளியே இருட்டுகிறது. அவள் போட்டிருப்பது பச்சை ஸ்வெட்டர். தேடிப் போயிருக்கும் காவலர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டாள். சத்தம் போட வேண்டாம். பக்கத்தில் போய், "தலை வந்துடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டால் போதும், சிரிப்பாள்.

இந்தக் கடைசி வரிகள் வாக்குமூலத்துக்குத் தேவையில்லை என்றார் அதிகாரி. நான் கெஞ்சியதால் எழுதிக்கொண்டார். எழுதியதைப் படிக்கக் கேட்டேன். அத்தனையும் நடந்தது நடந்தபடி.

(கையெழுத்து)