இரண்டாவது முறை இழுக்காத வார்

பெயர் அகல்யா, வயது 33, கணவர் பெயர் அசோக். பட்டாபிராம் ரயில் நிலையத்திற்கு அருகே அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வசிக்கிறேன். சொந்த ஊர் தென்காசி. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த விபத்தை நேரில் பார்த்தவள் என்ற முறையில் இன்று காவல் நிலையத்திற்கு அழைக்கப்பட்டு, ஆய்வாளர் விசாரிக்கப் பின்வருமாறு சொல்கிறேன்.

திருமழிசையில் ஏகாம்பரம் என்பவர் தம் வயலை மேடாக்கி நடத்திவரும் குதிரையேற்றப் பயிற்சிக் கூடத்தில் நான்கு மாதமாகக் கற்று வருகிறேன். எனக்குக் குதிரை என்றால் பயம். பல்லிக்கே நாற்காலி மேல் ஏறுகிறவள் என்று என் கணவர் கேலி செய்வார். அந்தக் கேலி பொறுக்காமல்தான் சேர்ந்தேன். முன்பிருந்த பயிற்சியாளர் காலத்தில் குதிரைக்காரர் அய்யாசாமி சேணம் கட்டித் தயாராக நிறுத்துவார், நாங்கள் ஏறி உட்காருவோம். சென்ற மாதம் புதிதாக வந்த பயிற்சியாளர் நாகவல்லி அதை மாற்றிவிட்டார். உடம்பு தேய்ப்பது, குளம்பு சுத்தம் செய்வது, சேணம் கட்டுவது எல்லாம் ஏறுகிறவர்களே செய்ய வேண்டும் என்றார். "அடுத்தவங்க கட்ன வார நம்பி ஏறாதம்மா, உசுரு உன்னோடது" என்பார்.

எனக்கு ஒதுக்கியது பவுனு என்ற பெட்டைக் குதிரை. சேணத்து வாரை வயிற்றைச் சுற்றி இழுக்கும்போது அது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்தடி நடத்தினால் மூச்சை விட்டுவிடும், வார் தளர்ந்துவிடும். ஆகவே நடத்திய பிறகு இரண்டாவது முறை இழுத்து, இரண்டு துளை மேலே மாட்ட வேண்டும். இதை நாகவல்லி எனக்கு ஆறேழு முறை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நேற்று காலை சுமார் ஆறே முக்கால் மணிக்கு வாசலில் தீவன வண்டி வந்து, அய்யாசாமி மூட்டை இறக்கப் போனார். நாகவல்லியும் உடன் போனார். நான் தனியாகச் சேணம் போட்டு, வாரை மாட்டி, பவுனை நடத்தினேன். அதன் பிறகு இரண்டாவது முறை இழுக்கக் குனிந்தபோது அது காதைப் பின்னால் மடித்து, பல்லைக் காட்டித் திரும்பியது. என் கை தானாக விலகிவிட்டது. வாரை நான் மறுபடி தொடவில்லை.

அதன் பிறகு நாகவல்லி வந்து, "ரெண்டாந்தபா இழுத்துட்டியாம்மா?" என்று கேட்டார். "இழுத்துட்டேன்க்கா" என்றேன். இல்லை என்றால் மறுபடி குனியச் சொல்வாரே என்ற பயம். அதன் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா, இப்டி வேர்த்துகினு கீறே? இரு, நா ஒரு ரவுண்டு போய்க் காட்றேன்" என்று மரப்படியில் நின்று அவரே ஏறிவிட்டார். அடுத்தவர் கட்டிய வாரை நம்பாதே என்றவர் நான் சொன்னதை நம்பி ஏறினார். நான் தடுக்காமல் வேலியோரம் ஒதுங்கி நின்றேன்.

இரண்டாவது வளைவில் சேணம் ஒரு பக்கமாகச் சரிந்து, அவர் வேலிக் கட்டையில் இடுப்பும் தலையும் மோதி விழுந்தார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. பவுனு ஓடவில்லை. சேணம் வயிற்றுக்கடியில் தொங்க, நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நான் வாரை அவிழ்த்துச் சேணத்தைக் கழற்றினேன். குதிரை மேல் இரக்கப்பட்டு அல்ல. எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்குக் குதிரையிடம் பயம் இல்லை. ஓடிவந்த அய்யாசாமி என் கையிலிருந்து சேணத்தை வாங்கிக்கொண்டு, "நீ போய்த் தண்ணி குடிம்மா" என்றார். ஏகாம்பரம் வந்தபோது சேணம் அய்யாசாமி கையில் இருந்தது. "இன்னாடா கட்டிக் குடுத்தே?" என்று கன்னத்தில் அறைந்தார். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நாகவல்லி தீவிர சிகிச்சையில் இருக்கிறார், இன்னும் பேசவில்லை. சேணத்தைச் சரியாகக் கட்டவில்லை என்று அய்யாசாமி மேல் ஏகாம்பரம் புகார் கொடுத்திருக்கிறார். நேற்று மாலையிலிருந்து அய்யாசாமி இந்த நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தான் கட்டவில்லை என்று மட்டும் சொன்னாராம். யார் கட்டியது என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லையாம். நான் உள்ளே வரும்போது அவர், "பயந்துக்காதம்மா, பாத்தத சொல்லிட்டுப் போ" என்றார். அவர் கன்னம் வீங்கியிருந்தது.

அய்யாசாமி நேற்று அந்தச் சேணத்தைக் கட்டவில்லை. கட்டியது நான். பொய் சொன்னதும் நான். இதைச் சொல்லும்படி என்னை யாரும் வற்புறுத்தவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வா என்றுதான் என் கணவர் சொல்லி அனுப்பினார். எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை, மிகவும் பயமாக இருக்கிறது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. கையெழுத்து கோணலாக விழுந்திருக்கிறது. அதுவும் என்னுடையதுதான்.

(ஒப்பம்) அகல்யா