பெருமாயி மூடுன கை

ரோடு போடாத காலம், ரயிலுக்குத் தண்டவாளம் பாவாத காலம். மேற்கு மலை அடிவாரத்துல கூளைக்கரடுன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். மூணு பக்கம் காடு, ஒரு பக்கம் சமீன் அரண்மனை. காட்டுல இருந்தது புலி, அதுகிட்ட தப்பிச்சுக்கலாம். அரண்மனையில இருந்தது சேவுகத்துரை.

துரைக்கு வேட்டைப் பித்து. மானும் மிளாவும் அவருக்குக் கோழிக்குஞ்சு மாதிரி. காட்டெருமைதான் வேணும். கரும்பாறை ஒண்ணு காலு முளைச்சு நடந்து வந்தா எப்படி இருக்கும், அப்படி வருமாம் அது. அதைச் சாய்க்க நல்ல துப்பாக்கி மட்டும் இருந்தாப் பத்தாது, நல்ல குண்டு வேணும். அப்பயெல்லாம் குண்டு கடையிலயா விக்கிது? அரண்மனைக் கொல்லன் ஈயத்தை உருக்கி அச்சுல ஊத்துவான். பார்க்க எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைக மாதிரி உருண்டையா, மினுமினுன்னு இருக்கும். ஆனா குணம் வேற வேற. உள்ளே காத்து அடைஞ்ச குண்டு போற வழியில கோணிக்கிடும். வெறும் காரீயக் குண்டு எலும்புல பட்டதும் களிமண்ணு மாதிரி அப்பிக்கிடும். வெள்ளீயம் அளவாச் சேர்ந்து, உள்ளே பொக்கு இல்லாம இறுகுன குண்டுதான் தோலைக் கிழிச்சு, எலும்பை ஒடிச்சு, நெஞ்சு வரைக்கும் போகும்.

அந்தக் குண்டைப் பொறுக்கி எடுக்கவே ஊருல ஒரு வீடு. தாம்பாளத்தைச் சாய்ச்சு உருட்டிப் பார்ப்பாங்களாம். பொக்குக் குண்டு குடிகாரன் மாதிரி தள்ளாடும். அப்புறம் கடைவாய்ப் பல்லுல வெச்சுக் கடிப்பாங்களாம். பல்லு இறங்குனா முயலுக்கு, இறங்கலேன்னா எருமைக்கு.

துரையோட பாட்டன் காலத்துல ஒரு சட்டம் போட்டு வெச்சிருந்தாக. குண்டு பொறுக்குனவன் வேட்டையில மிருகத்துக்கு நேர் முன்னால நிக்கணும். துரை அவன் முதுகுக்குப் பின்னால இருந்து சுடுவாரு. குண்டு நல்லதுன்னா அவன் வீட்டுக்குப் போவான், கெட்டதுன்னா முதல்ல அவன் போவான். "பொறுக்குனவன் முன்னால, சுடுறவன் பின்னால." ஊருப் பிள்ளைக பேசிப் பழகுற முதல் பேச்சே அதுதானாம்.

அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவதான் பெருமாயி. புருசன் பேரு சிலம்பன். அவன் ஒரு தாம்பாளத்துல உருட்டுனா, இவ ஒரு தாம்பாளத்துல உருட்டுவா. அவன் கடிச்சுப் பார்த்ததை இவளும் கடிச்சுப் பார்ப்பா. "ஏன் புள்ள, என் பல்லு மேல நம்பிக்கை இல்லையா?"ம்பானாம் சிலம்பன். "உன் பல்லு மேல இருக்கு, துரை கண்ணு மேலதான் இல்ல"ன்னு சொல்லுவாளாம் இவ.

அவ சொன்னது போலவே ஆச்சு. ஒரு மாசிமாசம். சிலம்பன் முன்னால நின்னான். துரை சுட்டாரு. எருமை விழுகல. வந்துச்சு. அதுக்கு மேல அதை வர்ணிக்க வேண்டாம். சிலம்பனைத் துப்பட்டியில மூட்டையாக் கட்டித்தான் கொண்டு வந்தாங்கன்னு சொன்னாப் போதும்.

அரண்மனையில என்ன சொன்னாக? "குண்டு சரியில்ல. பொறுக்குனவன் போயிட்டான். சட்டப்படிதான் நடந்திருக்கு."

பெருமாயி அழுதாளா, அழுகலையா, யாருக்கும் தெரியாது. கழுகு வட்டம் போட்ட இடத்தைப் பார்த்து ஓடைக்குள்ள இறங்கிப் போனாளாம். அங்கே அந்த எருமை செத்து ஊதிக் கிடந்துச்சு. மூக்கைப் பொத்தாம, அரிவாளால வயித்தைக் கீறி, குடலுக்குள்ள கையை விட்டுத் தடவி எடுத்தா அந்தக் குண்டை. உருண்டையா இருந்துச்சு. நசுங்கல, சப்பளியல. நெஞ்சுல போக வேண்டிய நல்ல குண்டு வயித்துல போயிருக்கு.

கழுவாம அப்படியே கொண்டு போய் அரண்மனை முற்றத்துல வெச்சா. "சாமி, குண்டு நல்ல குண்டு. பாருங்க."

துரை குனிஞ்சு பார்த்தாராம். சிரிச்சாராம். "நல்ல குண்டுதான். அதுக்கு? குண்டைச் சோதிக்க உங்க வீடு இருக்கு. துரை கையைச் சோதிக்க எந்த வீடு இருக்கு?" சுத்தி இருந்தவங்களும் சிரிச்சாங்க. சிரிக்கலேன்னா அடுத்த தடவை யாரு முன்னால நிக்கிறது?

சிலம்பன் போனா அவன் தம்பி சுருளி. அதுவும் சட்டம். சுருளிக்கு அப்பத்தான் கலியாணமாகி, பொண்டாட்டி மாசமா இருந்தா. அவன் வெத்தலை போட்டுப் போட்டுப் பல்லெல்லாம் ஆடிப்போய்க் கிடந்துச்சு. இரும்பைக் கடிச்சாலும் வெல்லம்னு சொல்லுவான்.

"நான் போறேன்"னா பெருமாயி.

"மதினி, ஆம்பளை நான் கல்லு மாதிரி இருக்கையில, நீங்க போனா ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும். உன் வாயைத் திற. இந்தப் பல்லை வெச்சுக்கிட்டு நீ குண்டைக் கடிச்சீன்னா குண்டு தப்பிச்சுக்கும், பல்லுதான் விழுகும். உன் புள்ளைக்கு அப்பன் வேணும்டா. எனக்கு யாரு இருக்கா?"

சுருளி சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதானாம்.

துரைக்கு இது வேடிக்கையாப் போச்சு. "பொம்பளை முன்னால நின்னா எருமை வெக்கப்பட்டுத் தலையைக் குனியுமாடா? குனிஞ்சா நமக்குச் சுட வசதி!"ன்னாராம். சரின்னுட்டாரு.

பெருமாயி நின்னா. அந்தக் கோடை பூராவும் நின்னா. எருமை எதிர்ல வரும், பின்னால வெடிக்கும், காதோரம் சூடாக் காத்துப் போகும், எருமை முழங்கால் போட்டு விழும். அவ அசையமாட்டா. கண்ணைக் கூட மூடமாட்டா. ஓடுறதைத்தான் எருமை துரத்தும், நிக்கிறதை விட்டுடும்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன, காலு கேக்கணுமே. அவ காலு கேட்டுச்சு.

வந்தது வினை. ஊரு பேச ஆரம்பிச்சிருச்சு. "எருமையைச் சாய்க்கிறது துரை துப்பாக்கியா? எல்லாம் பெருமாயி கை ராசிதான்!" கிணத்தடியில பேசுனாங்க, களத்துல பேசுனாங்க. பேச்சு அரண்மனைக்குள்ளயும் போயிருச்சு, துரைக்கு அது பொறுக்கல.

அடுத்த வேட்டை நாளு. விடிஞ்சும் விடியாம பெருமாயி குண்டை உருட்டி, கடிச்சு, ரெண்டு தாம்பாளத்துல பிரிச்சு வெச்சா. துரை வந்தாரு, கூடவே அவரு சம்சாரத்தோட தம்பி மருதப்பனும் வந்தான்.

"இது என்னடி, ரெண்டு?"

"இது நல்லது சாமி. அது தள்ளுனது. முயலுக்கு ஆகும், எருமைக்கு ஆகாது."

துரை, அவ தள்ளி வெச்ச தாம்பாளத்தைக் கையில எடுத்தாரு. "புருசனைத் தின்னவ நீ. எனக்கு நல்லதையா பொறுக்கித் தருவே? நீ ஆகாதுங்கிறதுதான் எனக்கு ஆகும்."

பெருமாயி ஓடிப் போய்த் தாம்பாளத்தைப் பிடிச்சுக்கிட்டா. "வேண்டாம் சாமி! முன்னால நிக்கிறது நானு. என் உசிரை வெச்சு நானே பொய் சொல்லுவேனா? அதெல்லாம் பொக்கு!"

"பார்த்தியா மருதப்பா, எப்படி நடுங்குறா! இம்புட்டு நாளா நடுங்குனாளா? அப்ப இதுதான்டா உண்மையான குண்டு." தள்ளுன குண்டை அம்புட்டையும் தன் பையில கொட்டிக்கிட்டாரு. நல்ல குண்டை அள்ளி அவ கையில போட்டாரு. "கொண்டு போய் உன் புருசன் குழியில போடு. அவனுக்கு வெளையாட ஆகும்."

பெருமாயி அந்தக் குண்டுகளைக் கைக்குள்ள வெச்சு மூடிக்கிட்டா.

காட்டுக்குள்ள கொடிமூங்கில் பள்ளம்னு ஒரு இடம். தப்பட்டை அடிச்சு எருமையைக் கலைச்சு விட்டாங்க. முன்னால பெருமாயி, பின்னால துரை. மருதப்பன் துப்பாக்கியோட மரத்து மேல. அந்தத் துப்பாக்கியில மருந்து இருந்துச்சு, குண்டு இல்ல. ஏன்னா, துரை சுட்டு முடிக்கிற வரைக்கும் வேற எவன் துப்பாக்கியிலயும் மடியிலயும் குண்டு இருக்கக் கூடாது. விழுந்த எருமையில அடுத்தவன் பங்கு கேட்டுறக் கூடாதாம். அது துரை போட்ட சட்டம்.

எருமை வந்துச்சு. துரை சுட்டாரு. அன்னைக்குக் குறி தப்பல, சத்தியமாத் தப்பலேன்னு சொல்லுவாக. சரியா முன்னங்கால் சப்பையில பட்டுச்சு. பட்ட குண்டு எலும்பு மேல அடை மாதிரி அப்பிக்கிட்டு நின்னு போச்சு. எருமை ஒரு தரம் உலுக்கிக்கிட்டு, நேரா வந்துச்சு.

பெருமாயி அசையல. மூச்சு விடல. எருமையோட எச்சி அவ மூஞ்சியில தெறிச்சுச்சாம், கொம்பு சீலையைக் கிழிச்சுட்டுப் போச்சாம். ஆனா அவளைத் தாண்டிப் போயிருச்சு. ஏன்னா பின்னால ஒருத்தரு துப்பாக்கியைப் போட்டுட்டு ஓடுறாரு.

எம்புட்டுத் தூரம் ஓட முடியும்? பிடிச்சிருச்சு. தூக்கிப் போட்டுச்சு. உடனே கொல்லல. மண்டி போட்டு, கொம்பால தேய்ச்சு, விலகி, மறுபடியும் தேய்ச்சுச்சு.

மரத்து மேலருந்து மருதப்பன் கத்துறான்: "ஏ பெருமாயி! குண்டு! உன் கையில இருக்குல்ல, எறி! மேல எறி!"

கீழே துரை கத்துறாரு: "கொடு! அவனுக்குக் கொடு! தாயே, கொடு!"

பெருமாயி திரும்புனா. மெதுவா நடந்து, அவரு கண்ணுக்குத் தெரியிற மாதிரி வந்து நின்னா.

"பொறுக்குனவன் முன்னால, சுடுறவன் பின்னால. இன்னைக்குப் பொறுக்குனது யாரு சாமி?"

"கொடுடீ!"

"நீங்கதான் பொறுக்குனீக. நீங்கதான் முன்னால இருக்கீக. சட்டப்படிதான் நடக்குது."

கையை மூடியே வெச்சிருந்தா. அவரு 'கொடு'ன்னு கேக்கக் கேக்க மூடியே வெச்சிருந்தா. குரல் தேஞ்சு, முனகலாகி, முனகலும் நின்ன பிறகுதான், ஒரே ஒரு குண்டை எடுத்து மருதப்பன்கிட்ட எறிஞ்சா. அவன் அதைக் குழல்ல போட்டு இடிச்சுச் சுட்டான். ஒரே வெடி. எருமை துரை மேலயே விழுந்துச்சு.

அரண்மனை சும்மா விடுமா? துரைக்கு வாரிசு இல்ல, மருதப்பன்தான் அடுத்துப் பொறுப்புக்கு வந்தவன். முற்றத்துல அடுப்பு மூட்டி ஈயத்தை உருக்கச் சொன்னான். "எந்தக் கை கொடுக்கல?"ன்னு கேட்டான். பெருமாயி வலது கையை நீட்டுனா. "விரி"ன்னான். விரிக்கல. நாலு பேரு பிடிச்சு இழுத்தும் விரல் பிரியல. மூடுன கை மேலயே ஊத்துனாங்க. மிச்சம் இருந்த குண்டோட, விரலோட, எல்லாம் ஒரே கட்டியா இறுகிப் போச்சு.

கத்துனாளாம். மலை திரும்பக் கத்துச்சாம். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஊருல ஒரு வீட்டுலயும் அன்னைக்கு அடுப்பு எரியல.

ஆனா ஒண்ணு கேளுங்க. சுருளியை முன்னால நிறுத்த அதுக்கப்புறம் யாரும் கூப்பிடல. மருதப்பன் வேட்டைக்கே போகல. தானே பொறுக்குனா தானே முன்னால நிக்கணும். அடுத்தவன் பொறுக்குனா, கேக்குறப்ப கொடுப்பானோ மாட்டானோ. துப்பாக்கியில சிலந்தி கூடு கட்டுச்சு. சுருளிக்குப் பிள்ளை பிறந்துச்சு. இடது கையாலயே தொட்டில் ஆட்டுனா பெருமாயி. கிழவியாகித்தான் செத்தா. அவளை எரிக்கல. எரிச்சா ஈயம் உருகி, மூடுன கை விரிஞ்சிருமே? கொடிமூங்கில் பள்ளத்துலயே புதைச்சு, ஒரு கல்லு நட்டாங்க.

மருதப்பன் கடைசிக் காலத்துல தூக்கத்துல "கொடு, கொடு"ன்னு கத்துவானாம். அது அவன் குரல் இல்லையாம், துரை குரலாம். அவன் போன பிறகு அவன் மக்க அந்தக் கல்லுக்கிட்ட வந்து, ரெண்டு கையையும் ஏந்தி, "ஆத்தா, கொடு"ன்னு கேட்டாங்க. மன்னிப்பைத்தான் கேட்டாங்க. அங்கே நின்ன சுருளி பொண்டாட்டி தன் வலது கையை மூடி நீட்டுனா.

அன்னையிலருந்து மூடுகை ஆத்தான்னு பேரு. வருசா வருசம் மாசியில அரண்மனை வம்சம் வருது. இப்ப அவுக காருல வாராக, பேன்ட் சட்டையில வாராக. செருப்பைக் கழட்டிட்டு வரிசையா நின்னு கையேந்தி, "கொடு ஆத்தா, கொடு"ன்னு கேப்பாக. எதிர்ல எங்க ஊருப் பொம்பளைக வரிசையா நிப்பாங்க, வலது கையை மூடி நீட்டிக்கிட்டு. பொழுது சாயுற வரைக்கும் கேப்பாக. பொழுது சாயுற வரைக்கும் ஒருத்தரும் கையை விரிக்கமாட்டாங்க.

எங்க பொம்பளைக மூடுன அந்தக் கைக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா, ஒண்ணும் இல்ல.