சோறு கொண்டுவந்த அம்மை

இருந்தவர்கள்: மலையாளத்து நகரில், வலியசாலையில் ஒரு மனநல ஆலோசனை மையத்தின் பொறுப்பாளர் ஜானவி, ஜன்னலோர மேசைக்குப் பின்னால். ஆலோசகர் ஜெபமலர், எதிரே, ஆலோசனைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில். காவலாளி தாணு, வெளியே வாசற்படியில். மேசைமேல் ஒரு கடிதம், உறை, பசைக்குப்பி. வியாழக்கிழமை, மாலை நாலரை மணி.

ஜானவி: அங்கே போய் என்னத்துக்கு உட்கார்ந்துண்டே? உன் நாற்காலி இங்கேன்னா இருக்கு.

ஜெபமலர்: இருக்கட்டும் சேச்சி. இன்னிக்கு எனக்கு இதுதான் சரி.

ஜானவி: ஆகட்டும்... வாசி. மார்ஜின் எல்லாம் போட்டிருக்கே, பரீட்சைப் பேப்பர் மாதிரி.

ஜெபமலர்: 'அன்புள்ள பிச்சைக்கனி அண்ணாச்சிக்கு. என் அம்மை தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்று நான் உங்களிடம் சொன்னது பொய். அவர் உயிரோடு இருக்கிறார். நீங்களே பார்த்தீர்கள்...'

ஜானவி: பார்த்தாரா? எங்கே?

ஜெபமலர்: இந்த வாசல்லதான். போன வியாழக்கிழமை நான் சோத்தை மறந்துட்டு வந்துட்டேன். அம்மை பஸ் ஏறிக் கொண்டுவந்தாவ. அண்ணாச்சி வெளிய உக்காந்திருந்தாரு. 'ஜெபமலர் எனக்க மவளாக்கும்'னு அம்மையே வலியப் பேசியிருக்காவ.

ஜானவி: அவர் என்ன சொன்னார்?

ஜெபமலர்: எந்திரிச்சுக் கும்பிட்டாராம். அப்படியே எறங்கிப் போய்ட்டாரு. கையில மெழுகுதிரி இருந்துச்சாம்... எங்கம்மைக்காக மாதா கோயில்ல கொளுத்த.

ஜானவி: ஐயோ... போன் பண்ணினியோ?

ஜெபமலர்: எடுக்கல. சாலைக் கடைத்தெருவுல அவரு வேலை பாக்குற அரிசிக்கடைக்கே போனேன். என்னைப் பாத்ததும் மூட்டைக்குப் பின்னால போய்ட்டாரு. சரியா சாப்பிடுததில்லன்னு கூட்டாளி சொன்னாரு. ராத்திரி அவரைத் தனியா விடாதீங்கன்னு கேட்டுக்கிட்டு வந்தேன். பெஞ்சாதி போனபிறகு தானும் போயிரணும்னு வந்த மனுஷன் சேச்சி. நாலு வாரமா அந்த நினைப்பைத் தள்ளி வச்சதே என் பேச்சை நம்பித்தான்.

ஜானவி: இன்னிக்கு அவர் முறையாச்சே...

ஜெபமலர்: மூணு மணி. வரல.

ஜானவி: வர்றவா கிட்டே சொல்ல உனக்கு உன் அண்ணன் உயிரை முடிச்சுண்டது இல்லையா? அது நிஜமாக்கும்.

ஜெபமலர்: அது தீந்துபோச்சு. ஒரு நாளைக்கு ஏழு பேருகிட்ட அதையே சொல்லுதேன். எங்க குரலைத் தாழ்த்தணும், எங்க நிறுத்தித் தண்ணி குடிக்கணும்... எல்லாம் பழகிட்டு. 'அண்ணன் எந்த மாசம் போனாரு'ன்னு ஒரு அக்கா கேட்டாவ. எனக்கு ஞாபகம் வரல.

ஜானவி: லீவு கேட்டிருக்கலாமே.

ஜெபமலர்: கேட்டேன். மார்ச் கழியட்டும்னீங்க.

ஜானவி: ...சொன்னேன்.

ஜெபமலர்: குத்தமா சொல்லல. அண்ணாச்சி முன்னால அண்ணன் பேரு வாய்க்கு வரல. நீங்க பயிற்சியில சொன்னது வந்துச்சு. உங்கம்மா... நீங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து பாத்தது, அடுப்புல பால் பொங்கிட்டு இருந்தது. அதை எங்கம்மைன்னு சொல்லிட்டேன். உங்க துக்கத்தை எடுத்துக்கிட்டேன். மன்னிச்சிருங்க.

ஜானவி: ...அதையும் எழுதியிருக்கியோ?

ஜெபமலர்: உங்க பேரு இல்ல. 'அது வேறொருவருடைய துக்கம்'னு மட்டும். அப்புறம், 'என்னிடம் வர வேண்டாம். நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டர் விஜயலக்ஷ்மி உங்களைத் தேடி வருவார். அவரிடம் தமிழிலேயே பேசலாம். அவரை நம்புங்கள்.' அவ்வளவுதான். ஒட்டிரவா?

ஜானவி: ஒட்டாதே. பேனாவைத் தா.

ஜெபமலர்: நீங்க எதுக்கு சேச்சி...

ஜானவி: எங்கம்மா கரமனையிலே இருக்கா. இன்னிக்குக் காலம்பற எனக்குத் தோசை வார்த்துப் போட்டா. அப்படிப் பார்க்காதே. உன் பேருக்குக் கீழே என் பேரையும் எழுதியாச்சு. பசையை இப்படித் தள்ளு... ம். தாணு அண்ணே, இதைச் சாலை அரிசிக்கடையிலே பிச்சைக்கனி கையிலேயே கொடுக்கணும். வேற யார்கிட்டயும் தர வேண்டாம், கேட்டேளா.

ஜெபமலர்: அப்போ... அந்தப் பால் பொங்கினது யாரு வீட்டுல சேச்சி?

ஜானவி: என்கிட்டே முதமுதல்லே வந்த பொண்ணு ஒருத்தி. நீ உட்கார்ந்திருக்கியே, அந்த நாற்காலியிலேதான் உட்கார்ந்து சொன்னா.